மனு எழுத ஒரு முறை: வயது வந்தோர் வகுப்பில் எழுத்தைப் படிப்படியாகக் கற்பிப்பது எப்படி?

முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது 1991 ஏப்ரல் 18 அன்று, கோழிக்கோட்டில். ஆனாலும் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தோட்டப் பகுதிகளிலும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் பஞ்சாயத்து அலுவலக வாசலில் "ஒரு மனு எழுதிக் குடுங்க" என்று ஆள் தேடுகிற தமிழர்கள் இன்றும் உண்டு. அவர்களில் பலருக்குப் பேருந்துப் பலகை, ரேஷன் கார்டு, வாட்ஸ்அப் செய்தி எல்லாம் வாசிக்கத் தெரியும். கையெழுத்தும் சுமாராக இருக்கும். வெள்ளைத்தாளை முன்னால் வைத்தால்தான் பேனா நகராது.

"படிச்சவங்கதானே, ஏன் எழுத வரல?" என்ற கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு: பயிற்சி போதாது, இலக்கணம் தெரியாது. இரண்டுமே பாதி உண்மைதான். எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் எழுதும் முறையைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் பெரிய காரணம்.

எழுத்தறிவு வேறு, எழுதும் திறன் வேறு

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022 முதல் 2027 வரை என வகுக்கப்பட்டது ஒன்றிய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். அதன் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு: வாசிப்பு 50, எழுத்து 50, எண்ணறிவு 50. அடிப்படைத் திறன் வந்துவிட்டதா என்று பார்ப்பது அதன் வேலை. ஒரு விவரத்தை யோசித்து, வரிசைப்படுத்தி, முன்பின் தெரியாத அதிகாரிக்குப் புரியும்படி எழுதுவது அந்தத் தேர்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. கேரள எழுத்தறிவு இயக்கம் நடத்தும், 4, 7, 10-ஆம் வகுப்புகளுக்கும் மேல்நிலைக்கும் இணையான சமநிலைப் படிப்புகளில் கடிதமும் கட்டுரையும் உண்டு. ஆனால் பெரும்பாலும் மாதிரிக் கடிதத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பார்த்து எழுதவைத்து, மனப்பாடம் செய்யச் சொல்வதோடு பாடம் முடிகிறது. மாதிரியில் இருக்கும் பிரச்சினை தெருவிளக்கு, நம் பிரச்சினை ஓய்வூதியம் என்றால் அந்தக் கடிதம் உதவாது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. முடிந்த கடிதம் விளைபொருள். அதை உண்டாக்கும் வேலைகளின் வரிசை செயல்முறை. மாதிரிக் கடிதம் விளைபொருளை மட்டும்தான் காட்டும்.

எழுதும்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது

அமெரிக்க ஆய்வாளர்கள் லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் எழுதுகிறவர்களை உட்காரவைத்து, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொன்னார்கள். அதிலிருந்து 1981-இல் அவர்கள் முன்வைத்த விளக்கத்தில் மூன்று வேலைகள் உண்டு: திட்டமிடுவது, நினைத்ததை வாக்கியமாக்குவது, எழுதியதைத் திரும்பப் பார்ப்பது. இவை ஒன்று முடிந்து அடுத்தது என்று வருவதில்லை. ஒரு வரி எழுதியதும் திட்டம் மாறும். திரும்பப் படிக்கும்போது புதிய விவரம் ஞாபகத்துக்கு வரும்.

பழகியவருக்கு இது சிரமமில்லை. எழுத்து வடிவமும் சொல்லின் உருவும் அவர் கையில் தானாக வரும். புதிதாக எழுதுகிற ஐம்பது வயதுக்காரருக்கு ஒரே நேரத்தில் இத்தனையும் தலையில் ஏறுகிறது:

1. 'ழ' எப்படிச் சுழியும், இந்த இடத்தில் 'ர'வா 'ற'வா.
2. பேச்சில் 'வரல' என்பதை 'வரவில்லை' ஆக்குவது.
3. நடந்தது என்ன, எந்த மாதம்.
4. படிக்கப்போகிறவர் யார், அவருக்கு எது தேவை.
5. தப்பாகிவிட்டால் சிரிப்பார்களே என்ற கூச்சம்.

ஒரு நேரத்தில் மனம் தாங்கும் விஷயங்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. மேலே உள்ள ஐந்தில் முதலாவதும் ஐந்தாவதும் இடத்தைப் பிடித்துக்கொண்டால், மூன்றும் நான்கும் வெளியே தள்ளப்படும். அதனால்தான் வயது வந்தோர் எழுதும் மனுக்களில் எழுத்து ஓரளவு சரியாக இருந்தும் தேதி இருக்காது. ஆகவே கற்பிக்கிறவரின் முதல் வேலை இந்தச் சுமைகளை வெவ்வேறு நேரத்துக்குப் பிரித்துவைப்பது.

உத்தி கற்பித்தல்: ஆய்வுகள் சொல்வது

உத்தி என்றால் ஒரு வேலையை முடிக்கத் தெரிந்தே பின்பற்றும் படிகளின் தொகுப்பு. அதை ஆசிரியர் செய்துகாட்டி, கூடச் செய்து, கடைசியில் கற்பவரிடம் ஒப்படைப்பதுதான் உத்தி கற்பித்தல். 1980-களிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் கேரன் ஹாரிஸ், ஸ்டீவ் கிரஹாம் ஆகியோர் வளர்த்தெடுத்த ஆறு கட்ட முறை இதில் பரவலாக ஆராயப்பட்டது.

4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2007-இல் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு முறை எழுத்தின் தரத்தை எவ்வளவு மாற்றியது என்பதை அதில் விளைவளவு என்ற எண்ணால் காட்டினார்கள். 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என்பது பொதுக் கணக்கு. உத்தி கற்பித்தலுக்குக் கிடைத்தது 0.82. சேர்ந்து எழுதுவதற்கு 0.75. சிறு வாக்கியங்களை இணைக்கும் பயிற்சிக்கு 0.50. "வரைவு எழுது, திருத்து" என்று வாய்ப்பை நிறையக் கொடுத்து, படிகளைத் தேவைப்படும்போது மட்டும் கற்றுக்கொடுக்கும் செயல்முறை அணுகுமுறைக்கு 0.32. இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்தியதற்குக் கிடைத்தது எதிர்மறை எண்: –0.32.

இந்த எண்கள் பள்ளி மாணவர்களிடமிருந்து வந்தவை. அப்படியே தோட்டத் தொழிலாளிக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் டெலவேர் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் மக்கார்தர் இதே வகை முறையை எழுத்தில் பின்தங்கிய கல்லூரி மாணவர்களிடமும் வயது வந்தோரிடமும் பயன்படுத்தியிருக்கிறார். எழுத்தின் தரம் கூடியது. ஆக, திசை சரி. தமிழுக்கும் கேரள, ஆந்திர எல்லைப்புறத் தமிழர்களுக்கும் வேண்டிய மாற்றங்களை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

ஐந்து விரல் கேள்விகள்

எந்த உத்திக்கும் மனதில் நிற்கும் பிடிமானம் ஒன்று வேண்டும். மனுவுக்கு ஐந்து கேள்விகள் போதும். விரலுக்கு ஒன்றாக எண்ணலாம். தாள் தொலைந்தாலும் கை கூடவே இருக்கும்.

1. கட்டைவிரல்: யாருக்கு எழுதுகிறேன், நான் யார்?
2. ஆள்காட்டி விரல்: என்ன நடந்தது?
3. நடுவிரல்: எப்போதிலிருந்து?
4. மோதிர விரல்: கையில் என்ன ஆதாரம் இருக்கிறது?
5. சுண்டுவிரல்: அவர் என்ன செய்ய வேண்டும்?

ஐந்தில் சுண்டுவிரல்தான் அதிகம் விடுபடுகிறது. கேரளத்தில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை அட்சயா மையத்தில் (அரசின் இணையச் சேவை மையம்) மஸ்டரிங், அதாவது உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் பதிவு, செய்ய வேண்டும். அதைச் செய்தும் பணம் நின்றுபோனதாக வைத்துக்கொள்வோம். முறை தெரியாமல் எழுதும் மனு இப்படி இருக்கும்:

"ஐயா நான் ரொம்ப கஷ்டபடுறேன் எனக்கு பென்சன் வரல மஸ்டரிங் பண்ணியாச்சு அக்ஷயாவுல அவுங்க சரி ஆயிரும்னு சொன்னாங்க ஆனா வரல தயவு செஞ்சு உதவி பண்ணுங்க."

இதில் பிழை என்று பார்த்தால் ஒற்று விட்டதும் நிறுத்தக்குறி இல்லாததும்தான் கண்ணில் படும். அலுவலகத்தில் இது தேங்குவதற்குக் காரணம் அவை இல்லை. எந்த ஓய்வூதியம், எந்த மாதம், மஸ்டரிங் என்றைக்கு, ரசீது உண்டா, ஒன்றுமே இல்லை. "உதவி பண்ணுங்க" என்பதை வைத்து எந்தக் கோப்பைத் திறப்பது என்று எழுத்தருக்குத் தெரியாது. ஐந்து கேள்வியையும் கேட்டபின் அதே ஆள் எழுதக்கூடியது:

"எனக்கு விதவை ஓய்வூதியம் ஆகஸ்ட் மாதம் வரை வந்தது. செப்டம்பர் முதல் வரவில்லை. ஜூலை 12 அன்று அட்சயா மையத்தில் மஸ்டரிங் செய்துவிட்டேன். ரசீது நகல் இணைத்துள்ளேன். ஓய்வூதியம் நின்ற காரணத்தைத் தெரிவித்து, நிலுவையுடன் மீண்டும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இலக்கணம் இங்கே பெரிதாக ஏறிவிடவில்லை, கவனித்துப் பாருங்கள். ஏறியது விவரம்.

எழுதும் நான்கு படிகள்

குறிப்பு. கால் தாளில் ஐந்து வரி, ஒவ்வொன்றிலும் சொற்கள் மட்டும்: 'செயலாளர்', 'விதவை பென்சன்', 'செப்டம்பர்', 'ரசீது', 'நிலுவை'. தாள் சிறிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முழுத்தாள் கொடுத்தால் குறிப்பெழுதச் சொன்ன இடத்தில் கடிதமே எழுதத் தொடங்கிவிடுவார்கள். இந்தப் படியில் பேச்சுத்தமிழ், மலையாளம், தெலுங்கு எது வந்தாலும் விட்டுவிட வேண்டும்.

சொல்லிப் பார்த்தல். குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் முழுதாகச் சொல்வது. கேட்கிறவர் புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும்: "எந்த மாசம்க்கா?" வயது வந்தோரின் பெரும் பலம் பேச்சு. எழுதுவதற்கு முன் வாய்வழியே ஒரு வரைவு முடிந்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். எழுத்து வகுப்பில் சத்தம் எதற்கு என்று இந்தப் படியைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்வது பெரிய நஷ்டம்.

வரைவு. கோடிட்ட தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரி. இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் காலி. அழிப்பான் கூடாது. எழுத்துச் சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லின் கீழ் கோடு போட்டுவிட்டுத் தொடர வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடியாவிட்டால் குறிப்பு சரியில்லை என்று பொருள்.

திருத்தம். இதை இரண்டு சுற்றாகப் பிரிப்பது கட்டாயம். முதல் சுற்றில் விரல் விட்டு எண்ணி ஐந்து விவரமும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்; விடுபட்டதைக் காலி வரியில் செருகலாம். இரண்டாம் சுற்றில்தான் எழுத்து, ஒற்று, முற்றுப்புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கண் எழுத்துப்பிழைக்கே போகும், விவரம் தப்பிவிடும்.

வாக்கியத்தைப் பற்றி ஒன்று. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. புதிதாக எழுதுகிறவர் 'போய்', 'கேட்டு', 'சொல்லி' என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், முடிக்கும்போது யாரைப் பற்றி ஆரம்பித்தோம் என்பதை மறந்துவிடுவார். "நான் ஆபீசுக்குப் போய் கேட்டு நாளைக்கு வரச் சொன்னார்கள்" என்ற வகைப் பிழை இதனால் வருவது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று, எச்சம் அதிகபட்சம் இரண்டு என்று விதி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கை பழகிய பிறகு, இரண்டு சிறு வாக்கியங்களை 'ஆல்', 'பிறகு', 'ஆனால்' கொண்டு இணைக்கும் பயிற்சி தரலாம்.

வகுப்பில் நடத்தும் ஆறு கட்டங்கள்

ஹாரிஸ், கிரஹாம் வளர்த்த ஆறு கட்டங்கள்தான் இவை. ஒன்றரை மணி நேர வகுப்பு என்றால் ஒரு மனு உத்திக்கு எட்டு முதல் பத்து வகுப்பு ஆகும். அவசரப்பட்டு மூன்றில் முடிக்கிறவர்கள் ஐந்தாம் கட்டத்தை விட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

1. பின்புலம். யாருக்கு எந்த மனு போகும், பஞ்சாயத்துச் செயலாளர் வேலை என்ன, வில்லேஜ் ஆபீசர் வேலை என்ன என்று தெரியவேண்டும். உண்மையான படிவங்களைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஒரு வகுப்பு போதும்.

2. பேசி ஒத்துக்கொள்ளுதல். நல்ல மனு ஒன்று, குறையுள்ள மனு ஒன்று. எது வேலைக்கு ஆகும், ஏன் என்று கற்பவர்களே சொல்ல வேண்டும். ஐந்து விரல் கேள்விகள் இங்கிருந்து பிறக்கட்டும். எதற்காக இதைக் கற்கிறோம் என்பதில் வயது வந்தோருக்குச் சம்மதம் இல்லையென்றால் அடுத்த வகுப்புக்கு வரமாட்டார்கள்.

3. செய்துகாட்டல். இதுதான் உயிரான கட்டம். ஆசிரியர் பலகை முன் நின்று, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு மனுவை முதலிலிருந்து எழுத வேண்டும். ஏற்கெனவே தயாரித்ததைப் படித்துக்காட்டுவது செய்துகாட்டல் ஆகாது. பேச்சு இப்படிப் போகும்:

"யாருக்கு எழுதுறேன்? செயலாளருக்கு. அவருக்கு என்னைத் தெரியாது, அதனால பேரு, வார்டு, வீட்டு நம்பர் முதல்லயே வேணும். 'ரொம்பக் கஷ்டப்படுறேன்'னு ஆரம்பிக்கலாமா? எந்த மாசம் நின்னுச்சுன்னு சொன்னாத்தானே அவர் கம்ப்யூட்டர்ல பார்க்க முடியும். சரி, மாசத்தை எழுதுறேன். இது 'ர'வா 'ற'வா? இப்ப வேண்டாம், கோடு போட்டுட்டுப் போறேன். ஐயோ, ரசீதை மறந்துட்டேன். பரவாயில்ல, மேல காலி வரியில செருகுறேன்."

தடுமாற்றத்தையும் மீள்வதையும் காட்டுவதுதான் பாடம். ஆசிரியருக்கும் முதல் தடவையிலேயே வராது என்று பார்த்ததும் கூச்சம் பாதி கலையும்.

4. மனப்பாடம். ஐந்து கேள்விகளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம். கொழுந்து கிள்ளும்போதுகூடச் சொல்லிப் பார்க்கலாம். தாளும் பேனாவும் வேண்டாம்.

5. தாங்கிப் பிடித்தல். முதலில் வகுப்பே சேர்ந்து ஒரு மனு. பிறகு இருவர் இருவராக. பிறகு தனியே, ஆனால் ஐந்து விரல் கேள்விகள் எழுதிய கேள்வித்தாள் முன்னால் இருக்கும்படி. உதவி ஒவ்வொன்றாகக் குறைய வேண்டும். நான்கைந்து வகுப்பு இதற்கே போகும். ஒரே நாளில் எல்லா உதவியையும் எடுத்துவிட்டால் பழையபடி வெள்ளைத்தாளும் நகராத பேனாவும்தான்.

6. தனியே எழுதுதல். கேள்வித்தாள் இல்லை, மாதிரி இல்லை. அவரவருடைய உண்மைப் பிரச்சினை. எழுதியதை உண்மையில் அனுப்ப வேண்டும்.

எல்லையில் வரும் சிக்கல்கள்

தமிழில் மனு கொடுத்தால் வாங்குவார்களா என்ற பயம் பலரை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுகிறது. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் மனு கொடுக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் பிரிவு தருகிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது: தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். இதை முதல் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது கலப்பு. மின்கட்டணத்தை 'அடைச்சேன்' என்பது கேரளத் தமிழர் வாயில் இயல்பு. தமிழில் 'செலுத்தினேன்' அல்லது 'கட்டினேன்' என்று எழுதலாம். ஆந்திர எல்லையில் நகரி, குப்பம் பக்கம் மனுவை 'அர்ஜி', 'தரகாஸ்து' என்பார்கள். அங்கே திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுப்பதும் 'அர்ஜி'தான். எதை மாற்றுவது, எதை விடுவது? வினைச்சொல்லைத் தமிழ் எழுத்து வழக்குக்கு மாற்றுங்கள். அலுவலகத்தின் பெயர், திட்டத்தின் பெயர், படிவத்தின் பெயரை அந்த அலுவலகம் சொல்கிறபடியே விட்டுவிடுங்கள். 'மஸ்டரிங்' என்பதைத் தூய தமிழாக்கி எழுதினால் மனுவைப் படிக்கிற எழுத்தருக்கு விளங்காது. மொழிப்பற்றுக் காட்ட வேறு இடம் நிறைய இருக்கிறது.

பேச்சிலிருந்து எழுத்துக்கு மாற்றும் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டலாம்: வரல–வரவில்லை, குடுத்தேன்–கொடுத்தேன், பண்ணியாச்சு–செய்துவிட்டேன், இருக்குது–இருக்கிறது. இருபது வினைகள் போதும். மனுக்களில் திரும்பத் திரும்ப வருபவை அவைதான்.

எங்கே பிசகுகிறது

சிவப்பு மையால் எல்லாப் பிழையையும் சுழிப்பதுதான் முதல் பிசகு. பத்துச் சுழியைப் பார்த்தவர் அடுத்த தடவை தெரிந்த சொற்களை மட்டும் வைத்து மூன்று வரியில் முடித்துவிடுவார். ஒரு தாளில் விவரக் குறை ஒன்று, எழுத்துப் பிழையில் ஒரு வகை (உதாரணமாக ண–ன மட்டும்) என்று எடுத்துக்கொண்டால் போதும்.

ஆசிரியரே வாக்கியத்தைச் சொல்லிக் கொடுப்பது அடுத்தது. நேரம் மிச்சமாகும், எழுதியது ஆசிரியரின் மனு ஆகிவிடும். "என்ன எழுதட்டும் டீச்சர்?" என்றால் "எந்த விரல்ல நிக்கிறீங்கக்கா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முன்னேற்றத்தைப் பிழை எண்ணிக்கையால் அளப்பதும் ஏமாற்றும். தைரியம் வந்து அதிகம் எழுதத் தொடங்கும்போது பிழையும் கூடும். ஐந்தில் எத்தனை விவரம் இருக்கிறது, குறிப்புத்தாள் கேட்காமலே எழுதினாரா, முதல் சுற்றில் தானே ஏதாவது செருகினாரா என்று குறித்துவையுங்கள். முதல் வரைவையும் கடைசி வரைவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மதிப்பெண் தேவைப்படாது.

மனு தவிர மற்றவை

உத்தி ஒரு வகை எழுத்துக்கு வந்துவிட்டால் மற்றதுக்குத் தானாகப் பாயும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கேள்விகளை மாற்றிக் காட்ட வேண்டும். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தின் (கேரளப் பெண்களின் அக்கம்பக்கச் சுயஉதவிக் குழு) கூட்டக் குறிப்பேட்டுக்கு 'யார் யார் வந்தார்கள், என்ன பேசினோம், என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்' என்று ஐந்தும் மாறும். எஸ்டேட் விடுப்புக் கடிதத்துக்கு மூன்று விரல் போதும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி தகவல் கேட்கும்போது காரணம் சொல்ல வேண்டியதில்லை; அங்கே 'என்ன நடந்தது' என்ற விரலை மடக்கிவிட்டு, எந்த ஆவணம், எந்தக் காலத்துக்கு உரியது என்பதை மட்டும் விரித்து எழுதப் பழக்குங்கள். எந்த விரலை மடக்குவது என்று கற்பவரே சொல்ல ஆரம்பித்தபின் ஆறாம் கட்டத்துக்கு அனுப்பலாம்.